மூணு வார்த்தையில் ஊரைச் சொல்லுகிறவள்

1

அம்மன் கொடைக்குப் போடுகிற புத்தகத்துக்கு நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லித் தம்பி மகன் போனில் கேட்டான். நான் மைசூருக்கு வந்து இந்த ஆவணியோடு நாப்பத்தொரு வருசம் ஆகிறதாம். அங்கே எத்தனை ஊர்ப் பேச்சுக் கேட்டிருப்பிய அத்தை, எது பிடிச்சுது, எது பிடிக்கலன்னு எழுதுங்க, படிக்கிறவங்களுக்கு நல்லா இருக்கும் என்றான். நான் சொல்லச் சொல்ல அவன் எழுதிக்கொள்வதாகவும் சொன்னான். அது மட்டும் வேண்டாம் என்றுவிட்டேன். மூணாம் வகுப்பு வரை படித்தவள் நான். எழுத்துக் கூட்டி எழுத நேரம் ஆகும், அவ்வளவுதான். நேரம் என்னிடம் நிறையவே இருக்கிறது.

எப்படி என்றால், காலையில் எட்டே முக்காலுக்கு மருமகள் ரத்தினா வாசல் கம்பிக் கதவை இழுத்து, வெளிப்பக்கம் பூட்டுப் போட்டுவிட்டுத் தையல் பாக்டரிக்குப் போவாள். மகன் மாரியப்பன் அதற்கு முன்னாலேயே போயிருப்பான். பேத்தி பள்ளிக்கூடம், டியூசன் என்று போய்விடுவாள். திரும்ப அந்தப் பூட்டுத் திறக்கும்போது மணி ஆறு. நாங்கள் இருப்பது மூணாவது மாடி. ஒரு சாவி மகனிடம், ஒரு சாவி மருமகளிடம். எனக்குச் சாவி இல்லை. அது என் கைக்கு எப்போது வரும், வருமா வராதா என்பதுதான் இப்போது இந்த வீட்டில் எனக்கு இருக்கிற ஒரே கேள்வி. பேச்சைப் பற்றி எழுதச் சொன்னால் இவள் பூட்டைப் பற்றி எழுதுகிறாளே என்று நினைக்க வேண்டாம். பேச்சினால் வந்த பூட்டுதான் இது.

2

என் வீட்டுக்காரர் கொத்தனார், நான் சித்தாள். அது உங்களில் வயசானவர்களுக்குத் தெரியும். கல்யாணமான மறு வருசமே ரயிலேறி வந்துவிட்டோம். இந்த ஊரில் நாங்கள் கட்டாத தெரு இல்லை என்று சொல்லலாம். நாங்கள் குடியிருக்கத்தான் ஒன்றும் கட்டவில்லை.

சித்தாள் வேலைக்குத் தலையும் இடுப்பும் மட்டும் போதாது, காதும் வேண்டும். சாரத்தின் மேலே நிற்கிற ஆள் குரல் கொடுப்பான். பாதி காற்றில் போய்விடும். மீதிப் பாதியை வைத்து, கேட்டது கல்லா கலவையா தண்ணியா என்று பிடித்து, அவன் இரண்டாம் தடவை கத்துவதற்குள் சட்டி மேலே போயிருக்க வேண்டும். மேலே நிற்பவன் இன்றைக்கு மதுரைக்காரன், நாளைக்கு ராய்ச்சூர்க்காரன். அப்படித்தான் எனக்குக் காது பழகியது.

மதுரைப் பக்கத்து ஆட்கள் தண்ணி கேட்டால்கூடச் சண்டைக்கு இழுக்கிற மாதிரி இருக்கும். நிஜமாகவே சண்டை வந்தால் குறுக்கே விழுந்து விலக்குகிறவர்களும் அவர்கள்தான். சென்னைக்காரர் ஒருவர் இருந்தார். வார்த்தையில் பாதியை முழுங்கிவிட்டு மீதியைத்தான் நமக்குத் தருவார். கோலார்ப் பக்கத்து ஆட்கள் தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் போய், கன்னடத்தில் முடிப்பார்கள்.

கன்னடமும் ஒரே மாதிரி இல்லை. மண்டியாக்காரர் வாயில் மரியாதை என்று தனியாக ஒன்று கிடையாது. பெத்த அப்பனையும் வா, போ என்றுதான் பேசுவார். அதில் கோபமும் கிடையாது. மங்களூரிலிருந்து வந்த சூப்பர்வைசர் ஒருவர், புத்தகத்தைப் பார்த்து வாசிக்கிற மாதிரியே பேசுவார். அவர் திட்டினால் திட்டு வாங்கின மாதிரியே இருக்காது. ராய்ச்சூர்ப் பெண்கள் எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு ‘ரீ’ போடுவார்கள். மத்தியானம் சோளரொட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு, “ஊட்டா ஆத்ரீ?” என்று கேட்பார்கள். சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த ரீயைக் கேட்டால் சாப்பிட்டவளுக்கும் மறுபடி பசிக்கும். அந்நியப் பேச்சில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

வேலை செய்கிற இடத்தில் என்னை வைத்துப் பந்தயம் கட்டுவார்கள். புதிதாக ஓர் ஆள் வந்தால் அவனை என் முன்னால் நிறுத்திப் பேசச் சொல்வார்கள். மூணு வார்த்தை போதும், எந்தப் பக்கத்து ஆள் என்று சொல்லிவிடுவேன். தோற்றவன் எனக்கு டீயும் பன்னும் வாங்கித் தர வேண்டும். எத்தனையோ டீ குடித்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலே நம்ம பேச்சு. அதை நான் யாரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை. சாரத்திலிருந்து ஒருத்தன், “ஏட்டி, அந்தச் சட்டிய இங்கன தா” என்று சொல்லிவிட்டால் அன்றைக்குப் பூரா எனக்குத் தலைச்சுமை கனக்காது. நம்ம பேச்சுப் பேசுகிறவன் கெட்டவனாக இருக்க மாட்டான் என்று ஒரு எண்ணம். அப்படி ஒரு எண்ணம் எனக்குள் இருந்தது என்பதே இப்போதுதான் தெரிகிறது.

3

பிடிக்காத பேச்சு எது என்று கேட்டால் அதற்கும் பதில் இருக்கிறது. அது என் வீட்டுக்குள்ளேயே வந்து பதினேழு வருசம் ஆகிறது.

ரத்தினாவுக்கு ஊர் கொள்ளேகாலுக்கு அப்பால் ஹனூர் பக்கம் ராமாபுரம். கர்நாடகம்தான், ஆனால் தமிழ் பேசுகிற ஊர். கோயமுத்தூர்ப் பக்கம் பேசுகிற மாதிரி பேசுவார்கள், நடுவில் கன்னடமும் விழும். தமிழ்ப் பெண் வேண்டும் என்று நான்தான் தேடிப் பிடித்தேன். கல்யாணம் முடிந்து வந்த மறுநாள் காலையில், “ஏனுங்கத்தை, காப்பி வெக்கட்டுமுங்களா?” என்றாள். இது என்ன, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு வாலா என்று இருந்தது எனக்கு.

கேலி செய்தேன். சும்மா சொல்லக்கூடாது, நிறையவே செய்தேன். சோறு போடட்டுமுங்களா என்று கேட்டால், “போடுட்டி, அந்த ‘ங்க’வை மட்டும் எடுத்து வச்சிட்டுப் போடு” என்பேன். வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் அவளை மாதிரியே பேசிக் காட்டுவேன். அவள் சிரித்துவிட்டுப் போவாள். அந்தச் சிரிப்பு கோபமா சந்தோசமா என்று கண்டுபிடிக்க முடியாது. சண்டை போட்டாலும் மரியாதையாகவே போடுவாள். மரியாதையாகப் பேசுகிறவளிடம் எதைப் பிடித்துச் சண்டை போட?

அவளுக்கு ஒரே தம்பி, மாதேசன். தேவராஜ மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிற வேலை. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான். கீழே கேட்டில் நின்று, “அக்காவ்” என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் படியேறுவான். பையில் நூக்கல், அவரைக்காய், கொத்தமல்லி என்று ஏதாவது இருக்கும். “நல்லா இருக்கீங்களாம்மா” என்று என்னையும் கேட்பான். நான் அவன் குரலிலேயே, “இருக்கேனுங்க” என்பேன். அவனும் சிரிப்பான். அக்காளும் தம்பியும் ஒரே மாதிரிச் சிரிப்பு.

மகன் படித்தது கன்னடப் பள்ளிக்கூடம். ரத்தினா படித்ததும் கன்னடம். பேத்தி சஞ்சனா தமிழ் பேசினால் பஸ்சில் எழுதியிருக்கிற ஊரை எழுத்துக் கூட்டுகிற மாதிரி இருக்கும். இரண்டு வார்த்தை பேசிவிட்டு, “ஆச்சி, சும்னே இரு” என்று கன்னடத்துக்கு ஓடிவிடுவாள். இந்த வீட்டில் தமிழ் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமை எனக்கு எப்படி உதவியது என்று பின்னால் சொல்கிறேன்.

4

போன பங்குனியில் ஒருநாள் பகல் பதினோரு மணி இருக்கும். அப்போதெல்லாம் கம்பிக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் மட்டும்தான். படியில் யாரோ ஏறி வருகிற சத்தம். முப்பது வயசு இருக்கும், தோளில் ஒரு பை, வேர்த்து ஊற்றுகிறது.

“ஆச்சி, கொஞ்சம் தண்ணி தாரியளா? வெயிலு கொல்லுது.”

மூணு வார்த்தைகூட எனக்குத் தேவைப்படவில்லை. ஆச்சி என்ற ஒரே வார்த்தையிலேயே கதவைத் திறந்துவிட்டேன். எந்த ஊருப்பா என்று கேட்டேன். நம்ம சீமைதான் ஆச்சி என்றான். வீட்டுக்காரர் போனபிறகு அந்தப் பேச்சில் என்னோடு நேருக்கு நேர் உட்கார்ந்து பேசின ஆள் கிடையாது. உட்கார வைத்தேன். பழையசோறும் சுண்டவத்தலும் போட்டேன். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பாத்திரம் பளபளப்பாக்குகிற பொடி விற்கிறானாம். என் குத்துவிளக்கை எடுத்துத் தேய்த்தான். நிஜமாகவே தங்கமாக மின்னியது.

தங்கம் ஏதாவது இருந்தால் தாங்க ஆச்சி, உங்க கையால சாப்பிட்டிருக்கேன், காசு வேண்டாம் என்றான். என்னிடம் ஏது தங்கம்? ரத்தினாவுக்கு அவள் அம்மா போட்ட சங்கிலி ஒன்று உண்டு. பஸ்சில் போட்டுப் போகப் பயந்து, துணியில் சுற்றி அரிசி டின்னுக்குள் வைத்திருப்பாள். அவள் அம்மா இப்போது இல்லை. அம்மா நினைவாக இருந்தது அது ஒன்றுதான். அரிசிக்குள் கையை விட்டு எடுத்தேன். சாயங்காலம் அவள் வரும்போது பளபளவென்று கையில் வைத்து, பாத்தியாட்டி எங்க சீமைக்காரன் வேலையை என்று சொல்ல வேண்டும் என்று ஆசை.

ஒரு சொம்பில் மஞ்சத்தண்ணி கரைத்து, என் கண் முன்னாலேயே சங்கிலியை அதில் போட்டு, தட்டால் மூடினான். “அரை மணி நேரம் தொறந்துராதிய ஆச்சி. ஆவி போயிட்டுன்னா கறுத்துரும்.” கீழ்வீட்டில் பொடி கேட்டார்கள், கொடுத்துவிட்டு வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரை மணிக்கு மேலே கால் மணியும் பொறுத்தேன். திறந்தால் மஞ்சத்தண்ணிக்கு அடியில் ஒரு கூழாங்கல் கிடந்தது.

5

சாயங்காலம் மகன், மருமகள், நான் மூணு பேரும் போலீஸ் ஸ்டேசனுக்குப் போனோம். ரத்தினா அழவில்லை. அந்தச் சொம்பை மட்டும் ஒரு பைக்குள் வைத்து எடுத்து வந்தாள், எதற்கென்று தெரியவில்லை.

எழுதுகிற போலீஸ்காரர் கன்னடத்தில்தான் கேட்டார். என் பெயருக்கே அரை மணி நேரம். ஆதாரில் ஒரு மாதிரி, ரேசன் அட்டையில் ஒரு மாதிரி, எது சரி என்றார். இரண்டும் நான்தான் என்றேன். பிறகு ஆள் எப்படி இருந்தான், என்ன உடுப்பு என்று கேட்டுவிட்டு, என்ன பாஷை பேசினான் என்றார். தமிழ் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். திருடனும் உங்க ஆள், சோறு போட்டதும் உங்க ஆள் என்கிற மாதிரி ஏதோ சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள். என் மகனும் தலையைக் குனிந்துகொண்டு லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

தமிழில் யாவ கடே, எந்தப் பக்கத்துத் தமிழ் என்று கேட்டார்.

நாப்பத்தொரு வருசமாக எந்த ஊர்க்காரனையும் மூணு வார்த்தையில் சொல்லுகிறவள் நான். மருமகள் ஒரு பக்கம் நிற்கிறாள். பதினேழு வருசமாக அவள் பேச்சை நான் கேலி செய்திருக்கிறேன். எங்க சீமைக்காரன்தான் திருடினான், அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் உன் அம்மா சங்கிலியை எடுத்துக் கொடுத்தேன் என்று அவள் முன்னால் என்னால் சொல்ல முடியவில்லை.

கொள்ளேகால் பக்கம், ராமாபுரம் பேச்சு மாதிரி இருந்தது என்றேன்.

ரத்தினா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

6

அந்தப் பக்கம் எத்தனை ஆயிரம் பேர் இருப்பார்கள், இதனால் யாருக்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். மூணாம் நாள் போலீஸ்காரர் ஒருவர் எங்கள் கட்டடத்துக்கு வந்து விசாரித்தார். இந்த வீட்டுக்கு அந்தப் பக்கத்து ஆள் யார் வருவார் என்று கேட்டதற்கு, ஞாயிறுதோறும் ஒருத்தர் வருவாரே என்று கீழ்வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். மாதேசனைக் கூப்பிட்டுப் போய்க் காலையிலிருந்து சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். வந்த ஆள் அவன் இல்லை என்று நான் சொன்னேன். அவன் அனுப்பின ஆளாக இருக்கலாம் இல்லையா, சங்கிலி இருக்கிற இடம் வெளியாளுக்கு எப்படித் தெரியும் என்றார்கள். நானேதான் எடுத்துக் கொடுத்தேன் என்றேன். வயசானவள் சொந்தக்காரனைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்களோ என்னவோ.

அடிக்கவில்லை, திட்டவில்லை. சாயங்காலம் விட்டுவிட்டார்கள். ஆனால் மார்க்கெட்டில் செய்தி போய்விட்டது. அன்றிலிருந்து அங்கே அவனுக்குப் பெயர் ‘பாலிஷ்’. ஏய் பாலிஷ், இந்த மூட்டையை இறக்கு, நகையைப் பார்த்து இறக்கு. இப்படி. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை.

என் மகன் பூட்டு வாங்கி வந்தான். யாராவது ஆச்சி என்று கூப்பிட்டால் நீ வீட்டையே எழுதிக் கொடுத்துவிடுவாய் அம்மா என்றான். எனக்கும் ஒரு சாவி என்று விடாமல் கேட்டிருந்தால் தந்திருப்பான். கேட்கவில்லை. என் வாயிலிருந்து சாவி தா என்ற வார்த்தை வரவே இல்லை.

பூட்டுக்கு உள்ளே இருப்பது எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். நான் கல் சுமந்து கட்டின தெருக்கள் சன்னலிலிருந்து தெரிகின்றன. இறங்க முடியாது. கோயில் இல்லை, கடை இல்லை, மரத்தடியில் உட்கார்ந்து பேசுகிற பெண்கள் இல்லை. விதவைப் பணத்துக்கு ஆபீசில் போய் உயிரோடு இருக்கிறேன் என்று காட்ட வேண்டும். ஆபீஸ் ஐந்தரைக்கு மூடுகிறது, பூட்டு ஆறு மணிக்குத் திறக்கிறது. மகன் லீவு போட்டுக் கூட்டிப் போகிற அன்றைக்குத்தான் நான் உயிரோடு இருப்பேன். காய்கறி வண்டிக்காரர், பழைய பேப்பர்க்காரர், தண்ணி கேன் ஆள் என்று கீழே எத்தனையோ குரல் போகும். யார் எந்த ஊர் என்று இன்னமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். டீ வாங்கித் தரத்தான் ஆள் இல்லை.

7

இதுவரைக்கும் எழுத எனக்குப் பதினெட்டு நாள் ஆனது. ஐந்தாவது பகுதியை எழுதின அன்றைக்கு உடம்பு லேசானது போல இருந்தது. எழுதிவிட்டோம், உண்மையைச் சொல்லியாயிற்று என்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். நோட்டை மூடக்கூட இல்லை, விரித்தபடியே தரையில் வைத்திருந்தேன். சாயங்காலம் ரத்தினா வந்தாள். வீடு பெருக்கும்போது நோட்டைக் கையில் எடுத்தாள். நான் எழுதின பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“எழுத்து முத்து முத்தா இருக்குதுங்கத்தை” என்று சொல்லி, தூசி தட்டி, அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள்.

அவளுக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. அவள் ஊரின் பெயர் அந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதுகூடத் தெரியாது. இந்த வீட்டில் யாருக்கும் தெரியாத எழுத்தில் எழுதி, முந்நூறு மைலுக்கு அப்பால் இருக்கிற உங்களிடம் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருக்கிறவளிடம் மறைத்திருக்கிறேன். பெருமை எனக்கு உதவியது என்று சொன்னேனே, இப்படித்தான்.

மறுநாள் ஞாயிறு. அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் காய் கடையில்தான் வாங்குகிறோம். உட்காருட்டி, நான் எழுதினதை வாசிக்கிறேன் என்றேன். முதலிலிருந்து வாசித்தேன். ராய்ச்சூர்ப் பெண்களுக்குச் சிரித்தாள். தன் பேச்சைப் பற்றி எழுதியிருந்ததற்கும் சிரித்தாள். சங்கிலி வந்த இடத்தில் அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். ஐந்தாவதை வாசிக்கும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனாலும் நிறுத்தவில்லை.

வாசித்து முடித்த பிறகும் அவள் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

“அன்னிக்கே தெரியுமுங்கத்தை. எங்கூரு ஆளா இருந்தா நீங்க கதவையே தொறந்திருக்க மாட்டீங்க.”

தெரிந்துமா அஞ்சு மாசம் எனக்குச் சோறு போட்டாய் என்று கேட்டேன்.

“நீங்களா சொல்லோணும்னு இருந்தேனுங்க.”

அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் ஸ்டேசனுக்குப் போனோம். அதே போலீஸ்காரர். இத்தனை நாள் கழித்துப் பாஷையை மாற்ற வந்திருக்கிறாயா அஜ்ஜி என்று சலித்துக்கொண்டு, ஒரு தாளில் இரண்டு வரி எழுதி, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். தமிழில் போட்டேன். சங்கிலி கிடைக்கவில்லை, இனிமேல் கிடைக்கும் என்றும் தோன்றவில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில், வெட்கத்தை விட்டுச் சாவியைக் கேட்டுவிட்டேன். ரத்தினா தெருவைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். “தரேனுங்க. எந்தம்பி நம்மூட்டுக்கு வந்து, உங்க முன்னால உக்காந்து, உங்க கையால ஒரு காப்பி குடிக்கோணும். அன்னிக்குத் தரேனுங்க.” வீட்டில் மகனிடமும் கேட்டுப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் என்றான்.

8

இங்கே கௌரி பண்டிகை என்று ஒன்று உண்டு. பிள்ளையார் சதுர்த்திக்கு முதல் நாள். கட்டிக் கொடுத்த அக்கா தங்கைக்குப் பிறந்த வீட்டிலிருந்து பாகினம் வரும். இரண்டு புதுமுறத்துக்குள் மஞ்சள், குங்குமம், வளையல், ரவிக்கைத்துணி, தானியம் எல்லாம் வைத்து, ஒன்றின் மேல் ஒன்றைக் கவிழ்த்துக் கொண்டுவருவார்கள். அம்மா இல்லாததால் ரத்தினாவுக்கு மாதேசன்தான் கொண்டுவருவான். இந்தத் தடவை வருவானா என்று அவள் வாய் திறந்து சொல்லவில்லை. பாக்டரியில் அரை நாள் லீவு கேட்டிருந்தாள். ஒரு மணிக்கு வந்துவிடுவதாகச் சொல்லி, வழக்கம்போலப் பூட்டிவிட்டுப் போனாள்.

பன்னிரண்டு மணி இருக்கும். கீழே கேட் சத்தம். “அக்காவ்.”

நாப்பத்தொரு வருசத்தில் எந்தக் குரலுக்கும் நான் அப்படி எழுந்திருக்கவில்லை. மூட்டுவலி எங்கே போனது என்று தெரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முறத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மாதேசன் படியேறி வந்தான். இளைத்திருந்தான். என்னைப் பார்த்தான், பிறகு பூட்டைப் பார்த்தான்.

“அக்கா இல்லீங்களா?”

“ஒரு மணிக்கு வந்துருவா. சாவி எங்கிட்ட இல்லப்பா.”

அவனுக்குப் பூட்டு விஷயம் தெரிந்திருக்கவில்லை. கம்பி வழியாகக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று முறத்தைச் சாய்த்துப் பார்த்தான். கம்பிக்குள் நுழையவில்லை. பாகினத்தைக் கீழே வைக்கவும் கூடாது. அப்படியே மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான்.

நான் உள்ளே போய்ப் பாலைக் காய்ச்சிக் காப்பி போட்டேன். அவசரத்தில் சர்க்கரையைச் சிந்தினேன். தம்ளர் கம்பிக்குள் நுழைந்தது. நீட்டினேன். ஒரு கையால் வாங்கினான், குடிக்கவில்லை. பக்கத்துப் படியில் வைத்தான்.

“ஆறட்டுமுங்க” என்றான்.

கம்பிக்கு இந்தப் பக்கம் நான் தரையில் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நான்தான் பொய் சொன்னேன், வந்தவன் எங்க சீமைப் பேச்சுப் பேசினவன், அதைச் சொல்ல என் கௌரவம் விடவில்லை என்றேன். முறத்தின் ஓரத்துப் பின்னலைத் தடவிக்கொண்டே கேட்டான். அக்கா சொன்னாளுங்க என்றான். மார்க்கெட்டில் இன்னும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்களா என்று கேட்டேன்.

“இப்ப எம்பொண்ணே கூப்புடறாளுங்க. வெளையாட்டுக்கு” என்றான்.

தம்ளரில் ஆவி அடங்கியது. ஆடை படிந்தது. ஓர் ஈ வந்து சுற்றியது, அதைக் கையால் ஓட்டினான், குடிக்கவில்லை. ஒரு மணிக்கு மேலே ஆகிவிட்டது. கீழே ரத்தினாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் தம்ளரை எடுத்து, சுவர்ப்பக்கம் திரும்பி, ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தான்.

ரத்தினா வந்து பூட்டைத் திறந்தாள். அவனை உள்ளே கூப்பிட்டு, சாமி படத்துக்கு முன்னால் நின்று பாகினத்தை வாங்கிக்கொண்டாள். அக்காளும் தம்பியும் அவர்கள் பேச்சில் என்னென்னவோ மெல்லப் பேசினார்கள். சாப்பிடச் சொன்னதற்கு லோடு வந்திருக்கும் என்று கிளம்பிவிட்டான். வாசலில் என்னிடம், “வரேனுங்கம்மா, இன்னொரு நாளைக்கு” என்றான்.

அவன் இறங்கிப் போனதும் ரத்தினா படியிலிருந்த தம்ளரை எடுத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, முகம் சந்தோசமாக இருந்தது. சாவி அவள் கையிலேயே இருந்தது. இப்போது கொடுத்துவிடுவாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“குடிச்சானுங்களா?”

“குடிச்சான்.”

“சூடாக் குடிச்சானுங்களா, ஆறவுட்டுக் குடிச்சானுங்களா?”

சூடாக என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பார்த்தவர் யாரும் இல்லை. கேட்டாலும் அவன் மறுத்துப் பேசுகிற ஆள் இல்லை.

“ஆறவுட்டுத்தான்” என்றேன். “ஆடை படிஞ்சு போச்சு. உன் செருப்புச் சத்தம் கேட்டு, உனக்காகத்தான் குடிச்சான்.”

அவள் தம்ளரைக் கழுவி வைத்தாள். சாவியை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். “அடுத்த தடவைக்குப் பாக்கலாமுங்கத்தை” என்றாள்.

தம்பி மகன் கேட்ட நாலு பக்கத்துக்கு மேலே ஆகிவிட்டது. அவன் எதையும் வெட்டாமல் போட வேண்டும், முக்கியமாக ஐந்தாவதை. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் வீட்டில் இருப்பதால் கதவு திறந்துதான் இருக்கிறது. வெளியே போகவில்லை நான். பாலைச் சிறு தீயில் வைத்துவிட்டு, கீழே கேட்டில் குரல் கேட்கிறதா என்று உட்கார்ந்திருக்கிறேன். இன்னொரு நாளைக்கு வரேனுங்க என்று அந்தப் பேச்சில் சொன்னால், வருவான் என்று அர்த்தமா, வர மாட்டான் என்று அர்த்தமா, எனக்குத் தெரியவில்லை.